தளத்துக்கு கேம்பர் எப்போது, எவ்வளவு? சில கேள்விகளும் என் பதில்களும்

சைட்டிலேயே சென்ட்ரிங் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு எல்லாம் சேர்ந்தது) அடித்துப் போடும் கான்கிரீட் தளத்துக்கு கேம்பர் கொடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. கேம்பர் என்றால், தளம் பின்னால் தொய்ந்து இறங்கும் என்று தெரிந்து சென்ட்ரிங்கை முன்கூட்டியே நடுவில் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டுவது. இறங்கின பிறகு மட்டமாக வந்து நிற்கட்டும் என்பதுதான் எண்ணம். கட்டட டிசைன் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அதில் பாதி நாள் சைட்டில்தான் போனது. கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

வீடு கட்டுகிறேன் சார். 12 அடி அகல ரூம், 5 அங்குலத் தளம். மேஸ்திரி நடுவில் அரை அங்குலம் தூக்கிக் கட்டப் போகிறேன் என்கிறார். இன்ஜினியர் வரைபடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள், அதனால் சண்டை வேண்டாம். 12 அடி ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம்), 125 மில்லி தளம், எம் 20 தரக் கான்கிரீட். சும்மா இரண்டு சுவர் மேல் படுத்திருப்பதாக எடுத்துக்கொண்டாலும் அதன் சொந்த எடைக்கு உடனே இறங்குவது 2 மில்லிதான். உங்கள் ரூமில் நாலு பக்கமும் தாங்குதல் இருக்கும், பக்கத்து ரூமுக்கும் தளம் தொடரும், அதனால் அதுவும் குறையும். பல வருடம் போனாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு தொய்வு வராது. அந்த வகையில் கேம்பர் தேவையில்லை, வரைபடம் சரி.

மேஸ்திரி பயப்படுவது சென்ட்ரிங் இறங்குவதைப் பற்றி. சவுக்கு முட்டு மண்ணில் கொஞ்சம் புதையும், ஆப்பு நசுங்கும், பலகை வளையும், ஈரக் கான்கிரீட் விழுந்தவுடன் எல்லாம் சேர்ந்து ஒரு 5, 6 மில்லி கீழே போய்விடும். அவர் அனுபவத்தில் பார்த்தது அது. அவரிடம் "முட்டுக்கு அடியில் பலகை போடுங்கள், ஆப்பை இறுக்குங்கள், அப்புறம் நடுவில் 5 மில்லி மட்டும் தூக்குங்கள்" என்று சொல்லுங்கள். அரை அங்குலம் வேண்டாம்.

நான் டிசைன் வேலைக்குப் புதுசு அண்ணா. எத்தனை மீட்டர் ஸ்பானைத் தாண்டினால் கேம்பர் கொடுக்கணும்? ஒரு எண் சொல்லுங்களேன்.

எண் கேட்பது புரிகிறது, நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். ஆனால் ஸ்பானை வைத்து மட்டும் முடிவு செய்தால் தவறும். நான் வரிசையாக என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் தடிமன் போதுமா என்று பார். நம் இந்தியக் கான்கிரீட் கோடான ஐ.எஸ். 456-இல் ஸ்பானுக்கும் எஃபெக்டிவ் டெப்த்துக்கும் (அழுத்தம் வாங்கும் விளிம்பிலிருந்து இழுவிசைக் கம்பியின் மையம் வரை உள்ள ஆழம்) உள்ள விகிதம் இருக்கிறதே, கேண்டிலீவருக்கு (ஒரு பக்கம் மட்டும் பிடிப்போடு வெளியே நீட்டுவது) 7, சும்மா தாங்குவதற்கு 20, தொடர்ச்சியானதற்கு 26, அதைக் கம்பி அளவுக்கான திருத்தத்தோடு பார்க்க வேண்டும். அதில் தளம் தேறவில்லை என்றால் கேம்பர் பேச்சையே எடுக்காதே, தடிமனைக் கூட்டு, இல்லையென்றால் பீம் ஒன்று போடு. கேம்பர் தளத்தை ஒரு துளிகூட விறைப்பாக்குவதில்லை. 30 மில்லி இறங்கும் தளம் கேம்பர் கொடுத்தாலும் 30 மில்லிதான் இறங்கும், புறப்படும் இடம்தான் உயரம்.

அடுத்து, நிரந்தரமாக மேலே இருக்கப்போகும் பாரத்துக்கு மட்டும் தொய்வைக் கணக்கிடு: சொந்த எடை, தரைப்பூச்சு, சுவர். ஆட்கள், சாமான்கள் என்று வந்து போகும் பாரத்தைச் சேர்க்காதே, சேர்த்தால் காலியாக இருக்கும் நாளெல்லாம் தரை நடுவில் முதுகு வளைத்து நிற்கும். விரிசல் விட்ட நிலையில்தான் கணக்குப் போட வேண்டும், அப்புறம் க்ரீப், சுருக்கம் இரண்டும் சேரும். க்ரீப் என்பது பாரம் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்போது கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போவது. நம் கோடு இதற்கு ஒரு கெழு தருகிறது: 7 நாளில் பாரம் ஏற்றினால் 2.2, 28 நாளில் ஏற்றினால் 1.6, ஒரு வருடம் கழித்து ஏற்றினால் 1.1. முட்டுகளை எப்போது எடுக்கிறார்கள் என்பது தொய்வை எவ்வளவு மாற்றுகிறது என்று இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

வந்த விடை 10 மில்லிக்குக் கீழே என்றால் விட்டுவிடு. சென்ட்ரிங் மட்டத்தில் நம் ஆட்கள் நல்லபடியாக வேலை செய்தாலேயே இங்கே 5, அங்கே 8 என்று வித்தியாசம் வரும், அதற்குள் 8 மில்லி கேம்பரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 20-ஐ நெருங்கினால் கொடு. நடுவில் வந்தால் மேலே என்ன வரப்போகிறது, கீழே என்ன தெரியப்போகிறது என்பதை வைத்து முடிவு செய். கீழே ஃபால்ஸ் சீலிங் வந்தால் யாருக்கும் தெரியாது. பூச்சு மட்டும் அடித்த நீளமான ஹால், ஜன்னல் மேல் விளிம்பு நேர்க்கோடாகப் பக்கத்திலேயே ஓடுகிறது என்றால் 15 மில்லி தொய்வுகூடக் கண்ணில் குத்தும்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே: கணக்கில் வந்ததை முழுசாகக் கொடுக்காதே. நான் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுப்பேன். கான்கிரீட் நாம் நினைத்ததைவிட வலுவாக வந்துவிடும், சுவர் பக்கத்தில் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும், கணக்குக்கும் நடப்புக்கும் மூன்றில் ஒரு பங்கு விலகல் சாதாரணம். குறைவாகக் கொடுத்த கேம்பர் பின்னால் லேசான தொய்வாகப் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதிகமாகக் கொடுத்தது கீழே இறங்கி வரவே வராது. டைல்ஸ் போடுகிறவர் நடுமேட்டுக்குச் சமமாக ஓரமெல்லாம் கலவையை நிரப்புவார், அந்த எடையும் நம் தளத்தின் தலையில்தான்.

சரி, எண் வேண்டும் என்றாயே. தடிமன் ஒழுங்காக இருக்கும் வீட்டுத் தளங்களில் 6 மீட்டருக்குக் கீழே எனக்குக் கேம்பர் தேவைப்பட்டதாக நினைவில்லை.

8 மீட்டர் ஹால் சார், நடுவில் பீம் வேண்டாம் என்கிறார் ஆர்க்கிடெக்ட். 260 மில்லி தளம், இரண்டு பக்கமும் சுவர் மேல் உட்காருகிறது. 50 மில்லி கேம்பர் கொடுத்துச் சமாளித்துவிடலாமா?

முடியாது. கணக்கைப் பாருங்கள். எம் 25 கான்கிரீட், சொந்த எடை சதுர மீட்டருக்கு 6.5 கிலோநியூட்டன். விரிசல் இல்லை என்று வைத்தால் உடனடித் தொய்வு 9.5 மில்லி, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொந்த எடைக்கே நடுவில் மீட்டர் அகலத்துக்கு 52 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட் (தளத்தை வளைக்கும் திருப்பம்) வருகிறது, இந்தத் தளம் 39-இலேயே விரிசல் விட ஆரம்பித்துவிடும். அதாவது முட்டுகளை எடுத்த அன்றே விரிசல் விட்ட தளம் அது. விரிசலோடு கணக்குப் போட்டால் அன்றைக்கே 23 மில்லி இறங்குகிறது. தரைப்பூச்சு, க்ரீப், சுருக்கம் எல்லாம் இதற்கு மேல். ஐந்து வருடத்தில் முதல் தொய்வைப் போல இன்னும் இரண்டு மடங்கு சேரும் என்பது அமெரிக்க ஏ.சி.ஐ. 318 கோடின் தோராயம், அப்படிப் பார்த்தால் 70 மில்லிக்குப் பக்கம். நம் கோடு அனுமதிப்பது ஸ்பானில் 250-இல் ஒரு பங்கு, இங்கே 32 மில்லி.

50 மில்லி கேம்பர் கொடுத்தால் கடைசி மட்டம் 32-க்குள் வந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் அதே கோடில் இன்னொரு வரம்பு இருக்கிறது: தடுப்புச் சுவரும் தரையும் போட்ட பிறகு வரும் தொய்வு, ஸ்பானில் 350-இல் ஒரு பங்கு அல்லது 20 மில்லி, எது குறைவோ அது. இதில் கேம்பருக்கு எந்த வேலையும் இல்லை. சுவர் கட்டின நாளிலிருந்து தளம் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் சுவருக்குத் தெரியும், தளம் எங்கிருந்து புறப்பட்டது என்பது சுவருக்குத் தெரியாது. சுவர் வெடிக்கும், கதவு பிடிக்கும், ஆட்கள் நடந்தால் தரை அதிரும். ஆர்க்கிடெக்டிடம் பேசுங்கள். பீம் கூடாது என்றால் போஸ்ட் டென்ஷன் தளம் (உள்ளே கேபிள் ஓடவிட்டு, கான்கிரீட் இறுகின பிறகு இழுத்துக் கட்டுவது), இல்லாவிட்டால் வாஃபிள் தளம் (அடியில் குறுக்கும் நெடுக்கும் சின்ன விலா ஓடுவது) என்று வழி இருக்கிறது. இந்த 260-ஐ மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அரசு வேலை சைட் இன்ஜினியர் நான். மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் தளத்துக்கும் பீமுக்கும் மீட்டருக்கு 4 மில்லி, கேண்டிலீவர் நுனிக்கு மீட்டருக்கு 20 மில்லி என்று இருக்கிறது. 6.5 மீட்டர் பீமுக்கு 26 மில்லி வருகிறது. அப்படியே தூக்கிவிடவா?

அந்த வரியின் கடைசியில் பொறுப்புப் பொறியாளர் சொல்கிறபடி என்று ஒரு வாசகமும் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். 300-க்கு 600 பீம், இரண்டு பக்கமும் தொடர்கிறது, 6.5 மீட்டர் என்றால் நீண்டகாலத் தொய்வு 10 மில்லியைத் தாண்டுவது அரிது. இதில் 26 தூக்கினால் பீம் காலத்துக்கும் முதுகு வளைந்தே நிற்கும். மீட்டருக்கு 4 மில்லி, அதாவது 250-இல் ஒன்று என்பதை சென்ட்ரிங் இறங்குவதற்கும் சேர்த்து வைத்த தாராளமான அளவாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீல் முட்டும் நல்ல பிளைவுட்டும் வைத்துச் செய்யும் வேலைக்கு அது அதிகம்.

பால்கனி 1.5 மீட்டர் வெளியே நீட்டியிருக்கிறது, 150 மில்லி தடிமன். போன வீட்டில் நுனி தொங்கிவிட்டது. இந்த முறை 30 மில்லி தூக்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

போன வீட்டில் ஏன் தொங்கியது என்று முதலில் யோசியுங்கள், இல்லையென்றால் இதுவும் தொங்கும். இந்த அளவு பால்கனிக்குச் சொந்த எடை, தரைப்பூச்சு, இரும்புக் கைப்பிடி எல்லாம் சேர்த்து உடனடித் தொய்வு 1 மில்லிக்கும் கீழேதான் வருகிறது. க்ரீப், தாங்கும் பீம் லேசாகத் திருகுவது எல்லாம் சேர்த்தாலும் 5, 6 மில்லி. இது கண்ணுக்குத் தெரியாது. அப்படியென்றால் தொங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் கான்கிரீட் போடும் அன்று மேல் கம்பியை மிதித்ததாக இருக்கும்.

கேண்டிலீவரில் கம்பி மேலே இருக்க வேண்டும். சேர் கம்பி (மேல் கம்பியை நாற்காலி மாதிரித் தூக்கிப் பிடிப்பது) போதாமல், கலவைச் சட்டி தூக்கி வருபவர்கள் அதன் மேலேயே நடந்து, கம்பி 35 மில்லி கீழே போய்விட்டால் 125 இருக்க வேண்டிய எஃபெக்டிவ் டெப்த் 90 ஆகிவிடுகிறது. அப்புறம் தாங்கும் இடத்தில் மேற்பக்கம் விரிசல், அதில் தண்ணீர், கம்பியில் துரு. இந்த நிலையில் நுனி தொங்குவதோடு நிற்காது, பால்கனி முறிந்து விழும் அபாயம் இருக்கிறது. தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள். கான்கிரீட் போடும்போது ஒரு ஆள் அந்த இடத்திலேயே நின்று கம்பி மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். நடக்கத் தனிப் பலகை போடுங்கள்.

30 மில்லி தூக்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு. நுனி மேடாகி மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கம் ஓடிவரும். அதைத் திருப்ப தரைப்பூச்சை உள்பக்கம் கனமாக்க வேண்டும், அப்புறம் ஹால் மட்டத்தைவிடப் பால்கனி உயர்ந்துவிடும். ஒரு வீட்டில் கதவுக்கு வெளியே இதற்காகவே படி கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். நுனியில் 5 முதல் 8 மில்லி போதும், சாய்வை வெளிப்பக்கமாகத் தரைப்பூச்சில் கொடுங்கள். சென்ட்ரிங் பிரிக்கும்போது நுனியிலிருந்து வீட்டுப் பக்கம் நோக்கிப் பிரிக்க வேண்டும். வீட்டுப் பக்கம் முட்டுகளை எடுத்துவிட்டு நுனியில் ஒன்றை விட்டு வைத்தால் அந்த முட்டு நுனியைத் தாங்கி, நாம் கம்பி போடாத பக்கம் இழுவிசையை உண்டாக்கிவிடும்.

கேம்பர் கொடுத்த தளத்தில் மேல்மட்டத்தை எப்படிப் பிடிப்பது? கொத்தனார் நூல் கட்டி மட்டமாக இழுத்துவிட்டார்.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் கேம்பர் கொடுத்த தளங்களில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு இதுதான். அடியில் சென்ட்ரிங் நடுவில் உயர்ந்திருக்கிறது, மேலே நூல் நேராக ஓடுகிறது, அப்படியென்றால் நடுவில் தளம் அந்த அளவுக்கு மெலிந்துவிட்டது.

நான் மேற்பார்வை பார்த்த ஒரு சைட்டில் 7.5 மீட்டர் தளம், 200 மில்லி தடிமன், 25 மில்லி கேம்பர் கொடுத்திருந்தோம். வரைபடத்தில் கேம்பர் எண் இருந்தது, மேல்மட்டமும் அதே வளைவில் போக வேண்டும் என்று நான் எழுதவில்லை. அவர்கள் ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து அழகாக, கண்ணாடி மாதிரி மட்டம் இழுத்திருந்தார்கள். குழாய் போடத் துளையிட்டபோது நடுவில் 178 மில்லிதான் இருந்தது. விறைப்பு தடிமனின் மும்மடியாக மாறும், 200 என்பது 178 ஆனால் விறைப்பில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் அந்த இடத்தில் போய்விட்டது. தொய்வைச் சரிசெய்யக் கொடுத்த கேம்பரே தொய்வைக் கூட்டிவிட்டது. அன்றிலிருந்து என் எல்லா வரைபடத்திலும் "தடிமன் எங்கும் ஒரே அளவு, மேல்மட்டமும் சென்ட்ரிங்கைத் தொடர்ந்து வளையும்" என்று பெரிய எழுத்தில் போடுகிறேன்.

சைட்டில் செய்ய வேண்டியது எளிது. தடிமன் அளவில் கம்பித்துண்டில் குறி போட்டு, ஈரக் கான்கிரீட்டில் சென்ட்ரிங் பலகை தட்டும்வரை குத்திப் பாருங்கள், மீட்டருக்கு ஓரிடம். ஆட்டோ லெவல் வைத்துச் செய்தால் ஓரம், கால் பங்கு, நடு என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி உயரம் எழுதிக் கொடுங்கள். கொத்தனாருக்கு முதல் நாளே காட்டுங்கள், கான்கிரீட் வண்டி வந்து நிற்கும்போது சொன்னால் யார் காதிலும் ஏறாது.

இன்னொன்று, கேம்பரை அளக்க வேண்டிய நேரம் கம்பி கட்டி முடிந்த பிறகு, கான்கிரீட்டுக்கு முன்னால். போட்டு முடித்தவுடன் அடியிலிருந்து ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சென்ட்ரிங் இறங்கியது. அடுத்த தளத்துக்கு அந்த எண் தங்கம்.

ஃப்ளாட் ஸ்லாபில் (பீம் இல்லாமல் நேராகத் தூண் மேல் உட்காரும் தளம்) நடுவில் மட்டும் தூக்கினால் போதுமா? விளிம்பில் முழுக்கக் கண்ணாடிச் சுவர் வருகிறது.

தூணுக்குத் தூண் கோட்டிலும் தளம் தொய்யும், அதனால் பேனல் நடுவில் 20 என்றால் தூண் கோட்டின் நடுவில் 10, தூண் தலையில் பூஜ்யம். கண்ணாடி வரும் விளிம்பில் மட்டும் கேம்பர் கொடுக்காதீர்கள். அது எதிர்பார்த்தபடி இறங்கவில்லை என்றால் கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றோடொன்று சேராது. விளிம்பில் பீம் போட்டு விறைப்பாக்குங்கள், கண்ணாடிக்காரரிடம் எவ்வளவு மேலும் கீழும் நகர இடம் விட்டிருக்கிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

போஸ்ட் டென்ஷன் தளத்துக்கு?

பெரும்பாலும் வேண்டாம். கேபிளே கீழிருந்து மேலே தள்ளி நிரந்தரப் பாரத்தில் பெரும்பகுதியைச் சமன் செய்துவிடும். கேம்பரும் கொடுத்தால் சில இடங்களில் மேலே வளைந்தே நின்றுவிடும்.

கேம்பர் கொடுத்திருக்கிறோம் என்று முட்டுகளைச் சீக்கிரம் எடுக்கலாமா? ஒப்பந்ததாரர் அவசரப்படுத்துகிறார்.

கூடாது தம்பி. ஐ.எஸ். 456-படி தளத்துக்கு முட்டு 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இது சாதாரண சிமென்டுக்கும் நல்ல பதனத்துக்கும் ஆனது, சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் இன்னும் தள்ளிப் போடு. கேம்பர் கணக்கில் 14 நாள் என்று வைத்துவிட்டு 6-ஆம் நாள் பிரித்தால் அந்தக் கணக்கே செல்லாது. அடுத்த மாடித் தளத்தின் ஈரக் கான்கிரீட்டையும் இந்தத் தளம்தான் முட்டு வழியாகத் தாங்கப் போகிறது என்பதையும் நினைத்துப் பார், அந்த ஒரு நாளில் வரும் பாரம் அது வாழ்நாளில் சந்திக்கும் அதிகபட்சமாகக்கூட இருக்கலாம். கீழே இரண்டு மாடிக்காவது முட்டு இருக்கட்டும். பிரிக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.

ஏற்கெனவே போட்ட தளம் ஐயா, 5.5 மீட்டர், நாலு வருடம் ஆகிறது. நடுவில் 22 மில்லி பள்ளம். மேலே சிமென்ட் கலவை போட்டு மட்டமாக்கிவிடட்டுமா?

பொறுங்கள். 22 மில்லியில் எவ்வளவு சென்ட்ரிங் இறங்கினது, எவ்வளவு தளம் தொய்ந்தது என்று தெரியாமல் ஒன்றும் செய்ய வேண்டாம். அடியில் விரிசல் இருக்கிறதா, மேலே தாங்கும் இடங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை, சீலிங் பூச்சும் வெடிக்கவில்லை என்றால் கான்கிரீட் போட்ட அன்றே சென்ட்ரிங் இறங்கிப் பள்ளமாகவே உறைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதில் பயமில்லை. விரிசல் இருந்தால் டிசைன் இன்ஜினியரை நேரில் கூப்பிடுங்கள். எப்படியானாலும் ஒரு ஆணி அடித்து, அதிலிருந்து டியூப் லெவல் வைத்து நடுவில் மட்டத்தை அளந்து தேதியோடு சுவரில் எழுதுங்கள், மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி. நகரவில்லை என்றால் மட்டமாக்கலாம், ஆனால் 40 மில்லி கலவை சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 90 கிலோ, ஒரு ஆளை மீட்டருக்கு மீட்டர் நிரந்தரமாக நிறுத்தி வைப்பது போல. பழைய தரைப்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் போடுங்கள், அதன் மேலேயே போடாதீர்கள்.